எந்தப் பையும்

ரத்த வங்கியில் வேலை பார்க்கும் அவரை நாங்கள் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவோம். நேரிலும் அப்படியே. அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒரு சோதனைக் குழாயில் பெயர் எழுத மற்றவர்களுக்கு அரை நிமிடம் ஆகும் என்றால் அவருக்கு மூன்று நிமிடம் ஆகும். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். வார்டிலிருந்து செவிலியர்கள் போனில் அவசரப்படுத்தினால், "ரத்தம் எங்கயும் ஓடிப் போயிடாதும்மா, நானும் ஓட மாட்டேன்" என்பார். பதினாறு வருடங்களில் அவர் ஓடி ஒருவரும் பார்த்ததில்லை.

அன்று பகல் பதினொன்றே முக்காலுக்கு அவர் ஓடி வந்தார்.

எங்கள் வார்டு மூன்றாம் மாடியில் இருக்கிறது. எலும்புக்குள் ரத்தம் ஊறும் மஜ்ஜை கெட்டுப் போனவர்களுக்கு இன்னொருவரின் ஸ்டெம் செல்களை ஏற்றும் இடம். ஒரு கண்ணாடிக் கதவு, அதைத் தாண்டினால் கை கழுவும் இடம், பிறகு இன்னொரு கண்ணாடிக் கதவு. நான் அந்தச் செல்களை ஆராய்கிறவள். ஆய்வகம்தான் என் இடம் என்றாலும் ஒவ்வொரு பையும் ஏற்றப்படும்போது கட்டிலருகே போய் நிற்பது என் வழக்கம். பையின் மேல் கையை வைத்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு நேரம் கடவுளிடம் கேட்டுக்கொள்வேன். அன்றும் கேட்டு முடித்திருந்தேன்.

கட்டிலில் இருந்தவன் இருபத்தாறு வயது மெக்கானிக். அவன் மஜ்ஜை வறண்டு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. யார் யாரோ கொடுத்த ரத்தத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். செல் கொடுத்தது அவனுடைய அக்கா. துணி தைத்து அவனை வளர்த்தவள். அவளுடைய செல்கள் நிரம்பிய பை தக்காளிச் சாறு போன்ற நிறத்தில் கம்பியில் தொங்கியது. குழாய் செருகியாகிவிட்டது. செவிலியின் கட்டைவிரல் அடைப்பானின் மேல் இருந்தது.

"அக்கா ரத்தம் உள்ள போனா நானும் வாயாடி ஆயிடுவேனா மேடம்?" என்று அவன் முகமூடிக்குள்ளிருந்து கேட்டான்.

ஏற்கெனவே பாதி ஆகிவிட்டாய், மீதியும் ஆனால் காது தாங்காது என்று செவிலி சொன்னாள். நான் சிரித்தேன். அப்போதுதான் வெளிக் கண்ணாடியில் யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள்.

நிதானம் நின்றிருந்தார். கையில் பதிவேடு. ஒரு காலில் செருப்பு இல்லை. அந்த நிலையிலும் அவர் கதவைத் திறந்து உள்ளே வந்துவிடவில்லை. கை கழுவாமல் வரக்கூடாது என்ற விதி அவருக்குள் ஊறியிருந்தது. இரண்டு கண்ணாடிகளைத் தாண்டி அவர் குரல் எட்டவில்லை. வாய் அசைவதும், இரண்டு கைகளும் வேண்டாம் வேண்டாம் என்று ஆடுவதும் மட்டும் தெரிந்தன. ஒரு நிமிடம் பொறு என்று செவிலிக்குச் சைகை காட்டிவிட்டு நான் வெளியே போனேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், அந்தப் பைய நான் கதிர்ல வச்சுட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தில் என்ன நடந்துவிட்டது என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வார்டில் இருப்பவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி என்பதே இராது. அவர்களுக்குச் சாதாரண ரத்தம் ஏற்றும்போது, கொடுத்தவரின் வெள்ளணுக்கள் சில உள்ளே போய்ப் பெருகி, இருக்கிற உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கிவிடும். அதைத் தடுக்க, ரத்தப் பையைக் கதிர்ப்பெட்டிக்குள் ஐந்து நிமிடம் வைப்போம். கதிர் பட்ட அணு சாவதில்லை. பெருக மட்டும் முடியாமல் போகும். பையில் ஒட்டியிருக்கும் சிவப்புப் புள்ளி கதிர் பட்டதும் கறுத்துவிடும். அதை நாங்கள் மச்சம் என்போம். "மச்சம் விழுந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் செவிலியர்கள் பையை வாங்குவார்கள்.

பத்து வருடங்களுக்கு முன்பு மச்சம் விழாத பை ஒன்று தவறி மேலே வந்துவிட்டது. பள்ளிக்கூடம் போகும் ஒரு சிறுமியை அதனால் இழந்தோம். அன்று அழுதபடியே நான் ஒரு அட்டையை எடுத்து, கொட்டை எழுத்தில் எழுதி, கதிர்ப்பெட்டிக்கு மேலே ஒட்டினேன். 'இந்த வார்டுக்குப் போகும் எந்தப் பையும் கதிர் படாமல் போகக்கூடாது.'

எந்தப் பையும் என்றுதான் எழுதியிருந்தேன்.

ஆனால் ஸ்டெம் செல் பையின் வேலையே பெருகுவதுதான். அது உள்ளே போய் எலும்புக்குள் குடியேறி, ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆயுள் முழுவதற்கும் ரத்தம் உண்டாக்க வேண்டும். அதைக் கதிரில் வைப்பது விதைநெல்லை வறுப்பது போல. வறுத்த நெல்லும் பார்க்க நெல்லாகத்தான் இருக்கும். முளைக்காது.

அதனால்தான் அந்தப் பைகளை ரத்த வங்கிப் பக்கமே கொண்டுபோக மாட்டோம். என் ஆய்வகக் குளிர்பெட்டியில், கழுத்தில் ஒரு பச்சைச் சீட்டுக் கட்டி வைப்பதே வழக்கம். முந்தின நாள் மாலை என் குளிர்பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து உள்ளே சூடு ஏறியிருந்தது. அக்காவின் பையை நானே கீழே எடுத்துப் போய் ரத்த வங்கியில் வைத்தேன். பச்சைச் சீட்டு மேலே, ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அதற்காக ஒரு மாடி ஏற எனக்குச் சோம்பல். மாலை வேலையில் இருந்த பெண்ணிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். அவள் காலையில் வந்தவரிடம் சொல்ல மறந்தாள். பையின் மேல் நான் ஒட்டிய வார்டுச் சீட்டு, 'ஸ்டெம் செல்' என்ற வரியைப் பாதி மறைத்திருந்தது. நிதானம் காலையில் வந்தார், வழக்கம்போல நோயாளியின் பெயரையும் வார்டையும் வாய்விட்டுப் படித்தார், தலைக்கு மேலே இருந்த அட்டைப்படி செய்தார்.

பத்து மணிக்கு நான் போய்ப் பையை எடுத்தேன். கறுத்த மச்சத்தைப் பார்த்தேன். பத்து வருடங்களாக அந்தக் கறுப்பு எனக்கு நல்ல செய்தி. அன்றும் மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. ஒரு துளி எடுத்துச் சாயம் கலந்து எண்ணினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு செல் உயிரோடு இருந்தன. கையெழுத்துப் போட்டேன். மேலே செவிலியும் மச்சத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். மூன்று பேரின் கண் பட்டும் அது எங்களில் யாரையும் உறுத்தவில்லை.

பதிவேட்டில் எழுதும்போதுதான் நிதானத்துக்குப் பொறி தட்டியிருக்கிறது. அந்தப் பையின் எண் ரத்த வங்கி எண் இல்லை. என் ஆய்வகத்தின் எழுத்தில் தொடங்கியது.

இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைக்கிறேன். உண்மையில் கை கழுவும் தொட்டியின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சொட்டிக்கொண்டிருந்தது. பதினோரு சொட்டு எண்ணினேன். உள்ளே கட்டிலில் இருந்தவனுக்கு ஆறு நாட்களாக மருந்து கொடுத்து, மிச்சம் மீதி இருந்த மஜ்ஜையையும் அழித்து முடித்திருந்தோம். புதியது வருவதற்கு இடம் ஒழித்தாகிவிட்டது. வர வேண்டியது வறுபட்டுப் போய்க் கம்பியில் தொங்குகிறது. நான் அதன் மேல் கை வைத்துக் கடவுளைக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

உள்ளே திரும்பிப் போய்க் குழாயை நானே கழற்றினேன். என்னாச்சு என்று அவன் கேட்டான். ஒரு சின்னச் சந்தேகம், பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவன் தலையாட்டினான். பையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நெடுநேரம் நின்றிருந்ததாகச் செவிலி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செல்களை எலும்பிலிருந்து ரத்தத்துக்கு இறக்க அக்காவுக்கு நான்கு நாள் ஊசி போட்டிருந்தோம். அதன் வேகம் இன்னும் ஒரு நாள் மட்டும் மிச்சம் இருக்கும். அவள் இன்றே வந்து இன்னொரு ஊசி போட்டுக்கொண்டு, நாளைக் காலை மறுபடியும் படுத்துச் செல் கொடுத்தால் கொஞ்சம் கிடைக்கலாம். போதுமான அளவு கிடைக்குமா என்பது தெரியாது. கிடைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அத்தனை நாள் அவன் தாங்க மாட்டான்.

அக்காவோ முந்தின நாள் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவள். நான்கு நாளும் எலும்பெல்லாம் குடைந்து படுக்க முடியாமல் தவித்தவள். "நாள் முழுக்க ஊசியோட பொழைக்கிறவ நான். ஆனா எனக்குக் குத்தினா தாங்காதும்மா. இனி இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் பஸ் ஏறியிருந்தாள்.

தலைமை மருத்துவரின் அறைக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பத்து வருடங்களுக்கு முன்பு அந்தச் சிறுமிக்காக என்னோடு சேர்ந்து அழுதவர். நான் சொன்னதைக் கேட்டு இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டார். பிறகு தணிந்த குரலில் பேசினார்.

"செல் கொஞ்சம் போதல, இன்னொரு தடவை வேணும்னு மட்டும் சொல்லுங்க. அந்தம்மா வந்துடுவாங்க. நடந்ததச் சொல்லி, கோவத்துல வராமப் போயிட்டா அந்தப் பையன் என்ன ஆவான்? முதல்ல உயிர். மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிரைக் காக்க ஒரு பொய். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் நிதானம் உட்கார்ந்திருந்தார். கழன்று போன செருப்பைத் தேடி எடுத்து மடியில் வைத்திருந்தார். மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை போலும்.

"நான் பண்ணினது மேடம். என் பேரையே சொல்லுங்க" என்றார்.

அவரைப் பார்த்ததும் எனக்கு இன்னொன்று உறைத்தது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இது யாருக்கும் தெரிய வந்திருக்காது. மச்சம் கறுத்திருந்தது, பதிவேடு அவர் கையில். பை ஏறியிருக்கும். மூன்று வாரம் காத்திருந்துவிட்டு 'செல்கள் பிடிக்கவில்லை' என்று எழுதியிருப்போம். சில பேருக்கு அப்படி ஆவதுண்டு. அவன் தலையெழுத்து என்று நானே அவன் அக்காவுக்கு ஆறுதல் சொல்லியிருப்பேன். அத்தனையும் தெரிந்துதான் இந்த மனிதர் மூன்று மாடி ஓடி வந்திருக்கிறார். நான் பையின் மேல் கை வைத்துக் கேட்டதற்குப் பதில் இவர் கால்களில் வந்திருக்கிறது. அதே படியில் நின்றுகொண்டு நான் எப்படிப் பொய் சொல்வது?

அவர் பக்கத்தில் உட்கார்ந்து போன் செய்தேன்.

"சொல்லுங்கம்மா. ஏத்தியாச்சா?" என்றாள் அக்கா. பின்னால் தையல் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையை எழுதியது நான், சீட்டுக் கட்டாமல் விட்டது நான், பார்த்தும் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்டதும் நான் என்று சொன்னேன். பாதியில் தையல் இயந்திரம் நின்றது. நான் பேசி முடித்த பிறகும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

"இப்ப அவன் உடம்புல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லம்மா."

"நான் குடுத்ததும் இல்ல."

"இல்ல."

என் பக்கத்தில் நிதானம் குனிந்து செருப்பின் வாரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உங்ககிட்ட கத்தணும்னுதான் வருது" என்றாள் அவள். "கத்தினா பஸ் போயிடும். அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இன்னும் இல்லை என்றேன்.

"சொல்லாதீங்க, நான் வந்து சொல்றேன். நீங்க சொன்னா பயந்துடுவான். நான் சொன்னா என்னைத் திட்டுவான். திட்டறதுக்கு ஒரு ஆள் கிடைச்சா பயம் கொஞ்சம் தெரியாது."

மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்தாள். அளவு நாடா கழுத்திலேயே கிடந்தது, கழற்ற மறந்திருக்கிறாள். உள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, சுவரில் இருக்கும் பேசும் கருவியில் தம்பியிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாள். நான் அவள் பின்னால் நின்றேன். அவன் முகத்தில் முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவை அவளை விட்டு என்னிடம் வந்தன. நான் தலையைக் குனியவில்லை. அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அவன் அக்காவிடம் பேசினான்.

"ஒரு பைய உருப்படியாக் குடுக்கத் தெரியுதா உனக்கு?"

"தெரியலடா. அதான் மறுபடியும் வந்திருக்கேன்."

"வலிக்குமே அக்கா."

அவள் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது அவனுக்குத் தெரியாமல் இருக்க, நான் அவள் பக்கத்தில் ஒட்டி நின்றேன்.

மறுநாள் காலை அவள் படுத்தாள். இரண்டு கைகளிலும் பெரிய ஊசிகள். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், செல்களைப் பிரித்துக்கொண்ட பிறகு மறு கை வழியாகத் திரும்பும். ஐந்து மணி நேரம் கையை மடக்கக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்தால் உதடு மரமரக்கும். பால் குடித்தால் கொஞ்சம் அடங்கும். நிதானம் அன்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இளஞ்சூட்டில் பால் ஆற்றி, உறிஞ்சு குழல் போட்டு, அவள் வாயருகே பிடிப்பதும் தலையணையைச் சரிசெய்வதுமாக இருந்தார்.

நான்காவது மணி நேரத்தில், குழலைப் பிடித்தபடியே, "நான்தாம்மா அந்த ஆளு" என்றார்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "இவ்வளவு பயந்து பயந்து பால் குடுக்கறவரு வேற யாரா இருக்க முடியும்?"

பிறகு, "இன்னொரு வாய் குடுங்க" என்றாள்.

அவர் டம்ளரை அவசரமாக நீட்டியதில் பால் அவள் தோளில் சிந்தியது. நான் துடைத்துவிட்டேன்.

கிடைத்தது முதல் பையில் பாதிகூட இல்லை. அவன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு இருபது லட்சம் செல் இருந்தால்தான் ஏற்றலாம் என்பது கணக்கு. நான் மூன்று தடவை எண்ணினேன். இருபத்து மூன்று லட்சம். பச்சைச் சீட்டை நிதானம் எழுதினார். நான்கு முறை வாய்விட்டுப் படித்தார். பையை இரண்டு பேரும் சேர்ந்தே மேலே கொண்டுபோனோம், கதிர்ப்பெட்டி இருக்கும் நடைவழியைத் தவிர்த்துச் சுற்றுப் பாதையில். கட்டிலருகே நான் கண்ணை மூடவில்லை. பச்சைச் சீட்டையும் சிவப்பாகவே இருந்த புள்ளியையும் பார்த்தபடியே கடவுளிடம் கேட்டுக்கொண்டேன்.

ஒவ்வொரு பையிலிருந்தும் சில துளிகளை எடுத்து வளர்ப்புக் கிண்ணத்தில் விட்டு, பதினான்காம் நாள் பார்ப்பது என் ஆராய்ச்சி. இரண்டு பைகளுக்கும் வைத்திருந்தேன். பதினான்காம் நாள் காலை வரை அவனுடைய ரத்தத்தில் வெள்ளணு பூஜ்யமாகவே இருந்தது. நுண்ணோக்கியில் முதலில் இரண்டாவது பையின் கிண்ணத்தை வைத்தேன். திராட்சைக் கொத்துப் போலக் கூட்டம் கூட்டமாகச் செல்கள் பெருகியிருந்தன. பிறகு முதல் பையின் கிண்ணத்தை வைத்தேன்.

அதில் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று என ஒற்றை ஒற்றையாகச் சில செல்கள் ஊதிக் கிடந்தன. ஒன்றுகூட இரண்டாகியிருக்கவில்லை. கிண்ணத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தித் தேடினேன். வெறும் வெளி. தொண்ணூற்றேழு என்று நான் கையெழுத்துப் போட்ட பை அது.

நிதானத்தை வரச் சொன்னேன். அவர் தன் வழக்கப்படி மெதுவாக வந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்து, முதல் கிண்ணத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பதிவேட்ட நான் மத்தியானம் சாப்பிட்டப்புறம்தான் எழுதுவேன் மேடம். அன்னைக்கு ஏனோ முன்னாடியே எழுதினேன்" என்றார்.

அவருக்கு இரண்டாவது கிண்ணத்தைக் காட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் அவன் ரத்தத்தில் முதல் வெள்ளணுக்கள் தெரிந்தன. அக்காவுக்குப் போனில் சொன்னேன். தையல் இயந்திரம் நின்றது. இந்த முறை அந்த அமைதி எனக்குப் புரிந்தது. பிறகு அவள், இனி அவன் வாயாடினால் அதற்குத் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்றாள்.

கதிர்ப்பெட்டிக்கு மேலே இருந்த அட்டையை நான் கிழிக்கவில்லை. அந்தச் சிறுமிக்காக எழுதியது. அதன் கீழே, 'பச்சைச் சீட்டுக் கட்டிய பை நீங்கலாக' என்று இன்னொரு வரி சேர்த்தேன். இப்போதும் கறுத்த மச்சத்தைப் பார்த்தால் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. நிற்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.